தார்ப்பாய்மேல் ஒரு குளம்

கொள்ளிடம் கடலுக்குள் போவதற்கு முன்னால் பல கைகளாகப் பிரிந்து, எது ஆறு, எது கடல் என்று அதற்கே தெரியாமல் கிடக்கும் ஓர் இடம் உண்டு. அங்கே சுரபுன்னைக் காட்டுக்கு நடுவில் இருந்தது நாரைத்திட்டு. ஒன்பது வீடுகள், ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு, வடக்கு ஓரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. அந்தக் கொட்டகையில் வடிவம்மை இருந்தார்.

அவருக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. யாரிடம் என்ன கற்றார் என்று யாரும் கேட்டதில்லை. திட்டில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு அவரிடம் வந்தால், இருவருக்கும் சேர்த்து ஏதாவது ஒரு வேலை கொடுப்பார். அக்கரையிலிருந்தும் ஆட்கள் ஞானம் தேடி வந்தார்கள். உபதேசம் ஒன்றும் கிடைக்கவில்லை என்று பெரும்பாலானவர்கள் இரண்டு நாளில் திரும்பிப் போனார்கள்.

திரும்பிப் போகாதவர் சபாநாயகம்.

அவருக்கு அறுபத்தொரு வயது. முப்பத்தைந்து வருஷம் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்தவர். அவர் நட்ட கல்லை யாரும் பிடுங்கி மாற்றி நட்டதில்லை. மனைவி இறந்து நாலு வருஷமாகிறது, பிள்ளைகள் இல்லை. ஒரு பையோடு வந்தார்; எட்டு மாதமாகத் திட்டிலேயே இருந்தார்.

ஐப்பசி பிறந்த அன்று காலையில் அவர் வடிவம்மையிடம் வந்து நின்றார். வடிவம்மை தென்னை நாரைத் திரித்துக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க ஐயா."

"கண்ணை மூடி உக்காந்தா ஒரே நினைப்பு வருது. எழுந்து நடந்தாலும் வருது. அது உள்ள விழாம இருக்க ஒரு வழி சொல்லுங்க."

"என்ன நினைப்பு?"

சபாநாயகம் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"நினைப்புதான்" என்றார்.

வடிவம்மை கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னிக்குத் தோணியை மேட்டுல ஏத்தறாங்க. தை பொறக்கிற வரைக்கும் அதை நீங்க பாத்துக்குங்க."

திட்டில் ஆளுக்கொரு சின்ன ஓடம் உண்டு. மழைக்காலத்து வெள்ளத்தில் அவை நிற்காது. அக்கரைக்குப் போகப் பெரிய தோணி இது ஒன்றுதான். அதையும் கட்டிப்போட்டால் ஆற்று வெள்ளம் கயிற்றோடு கடலுக்குக் கொண்டுபோய்விடும். அதனால் ஐப்பசியில் மேட்டில் ஏற்றிவிடுவார்கள். நடுவில் மழை விட்டு வெள்ளம் தணிகிற நாட்களில், அவசரம் என்றால் மட்டும் இறக்குவார்கள்.

"கவுத்துப் போட்டுட்டா தண்ணி நிக்காதே" என்றார் சபாநாயகம்.

தோணியை ஓட்டுகிற மாசிலாமணி சிரித்தான். "கவுக்கவும் பன்னெண்டு ஆள் வேணும், நிமித்தவும் பன்னெண்டு ஆள் வேணும் ஐயா. எம் பொண்ணுக்கு இது எட்டாம் மாசம். வலி எடுத்தா ஆள் தேடிக்கிட்டு நிக்க முடியுமா? நிமிந்தேதான் கெடக்கணும்."

சபாநாயகம் தோணியைச் சுற்றி வந்து அளந்தார். இருபத்திரண்டடி நீளம், ஐந்தடி அகலம். பின்கோடியில் அடிப்பலகையில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருந்தது. அதை மரத்தக்கை ஒன்று அடைத்திருந்தது. தக்கையை ஒரு கல்லால் தட்டி இன்னும் இறுக்கினார். பிறகு பச்சைத் தார்ப்பாயை மேலே விரித்து, விளிம்பு விளிம்பாக இழுத்து, பதினாறு முளை அடித்துக் கட்டினார். ஒரு சுருக்கம் இல்லை. தட்டினால் தம்பட்டம் போல் சத்தம் வந்தது.

வடிவம்மை வந்து பார்த்தார். ஒரு விரலால் தட்டினார்.

"நல்லா பேசுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது.

அது எங்கிருந்தோ வந்து விழுகிற மழையாகத் தெரியவில்லை. உப்பங்கழியும் காடும் வானமும் ஒன்றாகக் கரைந்து இறங்குவது போல் இருந்தது. எதிர்க்கரை மறைந்தது, பக்கத்துத் திட்டும் மறைந்தது. இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் காலை கொஞ்சம் வெளுத்தபோது சபாநாயகம் தோணியைப் பார்க்கப் போனார்.

தார்ப்பாயின் நடுவில் ஒரு குளம் இருந்தது.

அத்தனை இறுக்கிக் கட்டியும் பாய் நடுவில் தாழ்ந்திருந்தது. தாழ்ந்த இடத்துக்கு மழையெல்லாம் வந்து சேர்ந்திருந்தது. குளத்துக்குள் மேகங்கள் மெதுவாகப் போயின. ஒரு தட்டான் அதன்மேல் வாலைத் தொட்டுத் தொட்டு எழுந்தது. எங்கிருந்தோ ஒரு சின்னத் தவளைகூட வந்துவிட்டது. தண்ணீரில் மிதக்க வேண்டிய தோணி தண்ணீரைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றது. அழகாகத்தான் இருந்தது. சபாநாயகம் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவருக்கு ஒரு கனவு வந்தது. தோணிக்குள் மல்லாந்து கிடக்கிறார். மேலே பாய் இல்லை, பச்சைத் தண்ணீர்தான் கூரையாக நிற்கிறது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் அவருடைய அம்மா குனிந்து பார்க்கிறாள். அவளுடைய வெள்ளை முடி தண்ணீரில் பாசிபோல் அலைகிறது. அவள் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். அது அவருடைய பெயர் இல்லை.

பெரிய சத்தம் கேட்டு எழுந்தார்.

பாயின் ஒரு விளிம்பு கிழிந்து, குளம் முழுவதும் ஒரே வீச்சில் தோணிக்குள் இறங்கியிருந்தது. குறுக்குப் பலகை ஒன்று விரிசல் விட்டிருந்தது. முழங்கால் அளவு தண்ணீர். தவளை மட்டும் பயப்படாமல் அதில் நீந்திக்கொண்டிருந்தது.

மாசிலாமணி ஓடி வந்தான். விரிசலைத் தடவிப் பார்த்தான். அவன் கோபப்பட்டிருந்தால் தேவலை.

"ஐயா, எம் பொண்ணுக்கு இது ஒண்ணுதான் வழி" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அவன் பலகையைச் சரி செய்தான். சபாநாயகம் பாயைத் தைத்தார். மறுபடியும் கட்டினார்.

அதற்குப் பிறகு அவர் தோணியைவிட்டு நகரவில்லை. மழை பெய்யப் பெய்யத் தோணிக்குள் குந்திக்கொண்டு, பாய் தாழ்கிற இடத்தைக் கீழிருந்து ஒரு கம்பால் முட்டித் தள்ளினார். தண்ணீர் ஒரு பக்கம் சரிந்து போகும். போன வேகத்தில் இன்னோர் இடம் தாழும். அதைத் தள்ளுவார். மூன்று நாள் இப்படியே போயிற்று. நாலாம் நாள் கை தூக்க முடியவில்லை, உடம்பு கொதித்தது.

வடிவம்மை மிளகுக் கஷாயம் கொண்டுவந்து கொடுத்தார்.

"கண்ணை மூடி உக்காந்தப்பவும் இப்படித்தான் தள்ளிக்கிட்டிருந்தீங்களா?" என்று கேட்டார்.

சபாநாயகம் கஷாயத்தைக் குடித்தார். 

காய்ச்சல் விட்டதும் அவருக்கு வேறு யோசனை வந்தது. திட்டு வீடுகளிலிருந்து இன்னும் இரண்டு பாய்களை வாங்கிவந்து மேலே ஒன்று, பக்கங்களுக்கு ஒன்று, அடியிலிருந்து வயிற்றைச் சுற்றி ஒன்று என்று தோணியைத் துணிமூட்டை கட்டுகிற மாதிரி கட்டிவிட்டார். நடுவில் வைக்கோல் அடைத்துப் புடைக்க வைத்தார். மழை வழுக்கிக்கொண்டு ஓடியது. எட்டு நாள் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

"ஒரு சொட்டு உள்ள போகல அம்மா."

"தொறந்து பாத்தீங்களா?"

"தொறந்தா மழை போயிடுமே."

வடிவம்மை தலையை ஆட்டினார்.

ஒன்பதாம் நாள் மழை ஓய்ந்து வெயில் மாதிரி ஒன்று தலைகாட்டியது. சபாநாயகம் முடிச்சுகளை அவிழ்த்தார். பாயை விலக்கியதும் சூடான மூச்சு ஒன்று அவர் முகத்தில் அடித்தது. பல நாள் பூட்டிக் கிடந்த அறையின் வாடை. உள்பலகை எங்கும் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. துடுப்புப் பிடி வழவழத்தது. ஆணித் தலைகளில் துரு வழிந்திருந்தது. கையை வைத்தார். பலகை ஈரமாக இருந்தது.

அவர் வடிவம்மையைக் கூப்பிட்டுக் காட்டினார். 

"மழையே படல. எப்படிம்மா நனைஞ்சது?"

"உள்ள இருந்ததுதான்" என்றார் வடிவம்மை.

சபாநாயகம் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் அவர் உட்கார்ந்திருக்கட்டும் என்று வடிவம்மை விட்டுவிட்டார். பிறகு, "அந்த நீள மூங்கிலை எடுத்தாங்க ஐயா" என்றார். மாசிலாமணியையும் கூப்பிட்டார்.

தோணியைத் தேய்த்துத் துடைத்துக் காயவைத்தார்கள். பிறகு முன்முனையைக் கொஞ்சம் தூக்கி, அடியில் இரண்டு பனந்துண்டுகளைக் கொடுத்தார்கள். முன்னாலும் பின்னாலும் கவட்டைக் கம்பு நட்டு, அதன்மேல் மூங்கிலை நீளவாக்கில் கிடத்தினார்கள். ஒரே ஒரு பாயை அதன்மேல் கூடாரம் போலப் போட்டார்கள். வடிவம்மை அதை இழுத்துக் கட்ட விடவில்லை. ஓரங்களில் மணல் நிரப்பிய சின்னச் சின்னப் பைகளைத் தொங்கவிடச் சொன்னார். காற்று அடித்தால் பாய் கொஞ்சம் அசைந்து கொடுத்தது. இரண்டு முனைகளும் திறந்தே இருந்தன.

கடைசியில் வடிவம்மை பின்கோடிக்குப் போய்க் குனிந்தார். தக்கையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பிடுங்கி எடுத்தார்.

"அம்மா, அடைப்பை எடுக்கறீங்களே!"

"தோணி இப்ப தண்ணியிலயா இருக்கு?"

"இல்ல."

"கரையில கெடக்கறதுக்கு அடைப்பு எதுக்கு?"

சபாநாயகம் திறந்திருந்த முனையைக் காட்டினார். "இந்தப் பக்கமா மழை உள்ள அடிக்குமே."

"அடிக்கும்."

"அப்புறம்?"

"நீங்களே பாருங்க" என்று தக்கையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று பிற்பகலே மழை வந்தது. சபாநாயகம் பக்கத்தில் ஒரு புன்னை மரத்தடியில் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு குந்தியிருந்தார். கூடாரத்தின்மேல் விழுந்தது இருபக்கமும் வழிந்து ஓடியது. சாரல் முன்முனை வழியாக உள்ளே போனது. போனது அடிப்பலகையோடு மெல்ல நடந்து, பின்கோடிக்கு வந்து, துளை வழியாக நூல் போல வெளியே இறங்கியது. மணலில் ஒரு சின்ன வாய்க்கால் விழுந்தது. அது நெளிந்து நெளிந்து புல்லுக்குள் புகுந்து, கழியில் போய்ச் சேர்ந்தது.

மழை வலுத்தால் நூல் கயிறானது. குறைந்தால் மறுபடி நூலானது. சாயங்காலம்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உலகத்தில் மற்ற சத்தமெல்லாம் அடங்கி, அந்த ஒரு சத்தம் மட்டும் மிச்சமிருந்த மாதிரி இருந்தது.

மறுநாளும் மழை. வடிவம்மை கொட்டகையில் நார் திரித்துக்கொண்டிருந்தார். சபாநாயகம் வந்து எதிரில் உட்கார்ந்தார். மழையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எங்க அம்மா சாகும்போது எங்கிட்டதான் இருந்தாங்க. பதினோரு நாள் படுக்கையில. என் தம்பி தாண்டவம் அப்போ பிலாய்ல, இரும்பு ஆலையில வேலை. நான் தந்தி அடிக்கல."

வடிவம்மையின் கை நிற்காமல் திரித்துக்கொண்டிருந்தது.

"எல்லாம் முடிஞ்ச பிறகுதான் சொன்னேன். அவன் வந்தப்போ சாம்பல்தான் இருந்தது. வாசல்ல நின்னு, 'ஏண்ணே தந்தி அடிக்கல?'ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். 'பக்கத்துல இருந்து பீ மூத்திரம் அள்ளினவன் நான், என்னைக் கேள்வி கேக்க நீ யாரு?'ன்னேன். கதவைச் சாத்திட்டேன். பதினோரு வருஷம் ஆச்சு."

"அதான் அந்த நினைப்பா?"

"அதுதான்."

"ஏன் அடிக்கல?"

சபாநாயகம் வாயைத் திறந்தார். இந்தத் தடவை மூடவில்லை. ஆனால் சொல் வரவில்லை.

வடிவம்மை கயிற்றைக் கீழே வைத்தார்.

"எங்கிட்ட சொல்ல வேணாம். கேட்டவர் இப்ப எங்க இருக்காரு?"

"வேலையிலேருந்து வந்துட்டான். சீர்காழியில இருக்கான்."

"ம்" என்றார் வடிவம்மை. பிறகு கயிற்றை மறுபடி கையில் எடுத்தார்.

கார்த்திகை கடைசியில் மூன்று நாள் வானம் வெளிவாங்கியது. இரண்டாம் நாள் காலையில் மாசிலாமணியின் மகள் பூவழகிக்கு வலி கண்டது. பெண்கள் ஓடிவந்து சொன்னபோது சபாநாயகம் தோணிப் பக்கத்தில்தான் இருந்தார். பாயை உருவினார். மூங்கிலைத் தள்ளினார். தக்கையை வைத்துக் கல்லால் நாலு தட்டுத் தட்டினார். ஆண்கள் வந்து தோள் கொடுத்தார்கள். தோணி வழுக்கிக்கொண்டு கழியில் இறங்கியது. உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. பூவழகியைக் கோரைப்பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள்.

மாசிலாமணி துடுப்பைத் தொட்ட நேரத்தில் சபாநாயகம் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துவந்து அவன் சட்டைப்பையில் ஒரு கார்டைச் செருகினார்.

"தபால் பெட்டியில போட்டுடு."

அந்தக் கார்டில் எழுத அவருக்கு நாலு நாள் ஆகியிருந்தது. முதலில் நீளமாக எழுதிப் பார்த்தார். கிழித்தார். கடைசியில் மூன்றே வரி இருந்தது.

*தாண்டவம், அன்று வாசலில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. நாரைத்திட்டில் இருக்கிறேன். மழை விட்டால் தோணி வரும்.*

மாசிலாமணி மகளுக்குத் துணையாக ஆட்களை வைத்துவிட்டு மறுநாளே திரும்பி வந்தான். கழுத்தில் கொடி சுற்றிக்கொண்டு பிள்ளை கஷ்டப்பட்டதாகவும், இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் இரண்டில் ஒன்று இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாகவும் சொன்னான். பேத்தி. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். பத்து நாள் கழித்துக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறார்கள். அவன் சபாநாயகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். சபாநாயகம் என்ன செய்வதென்று தெரியாமல் அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பிடித்தார்.

தோணி மறுபடி மேட்டில் ஏறியது. மழையும் மறுபடி வந்தது.

அந்த நாட்களில் சபாநாயகம் மழை கொஞ்சம் விட்டால் தெற்குத் துறைக்குப் போய் அக்கரையைப் பார்ப்பார். அக்கரை இருக்காது. சாம்பல் நிறத்தில் ஒரு பரப்பு மட்டும் இருக்கும். அதில் சில சமயம் நாரைகள் நிற்கும். நிற்பது தண்ணீரிலா காற்றிலா என்று தெரியாது. அவர் வாழ்நாள் எல்லாம் கோடு போட்டவர். அங்கே கோடு போட ஓர் இடம்கூடக் கண்ணுக்குக் கிடைக்கவில்லை.

மார்கழி பத்தாம் நாள் மழை நின்று பனி இறங்கியது. மாசிலாமணி மகளைக் கூட்டிவரப் போனான். வெயில் ஏறியும் பனி விலகவில்லை. சபாநாயகம் துறையில் நின்றார். முதலில் துடுப்புச் சத்தம் வந்தது. பிறகு ஒரு குழந்தையின் அழுகை, எந்தத் திசையிலிருந்து என்று தெரியாமல் வந்தது. அதற்கும் பிறகுதான் வெள்ளைக்குள்ளிருந்து தோணி மெல்ல வெளியே வந்தது, தண்ணீர் இல்லாமலே மிதந்து வருவது போல.

நடுவில் பூவழகி குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் மெலிந்த மனிதர் ஒருவர் நின்றபடி, பனி படாமல் தாய்க்கும் பிள்ளைக்கும் குடை பிடித்துக்கொண்டு வந்தார். அவருடைய சொந்தத் தலை நனைந்திருந்தது.

தாண்டவம் நரைத்துப் போயிருந்தான்.

தோணி தட்டியது. பெண்கள் குழந்தையை வாங்கிக்கொண்டு குலவையிட்டார்கள். சத்தமெல்லாம் வீடுகளை நோக்கிப் போனது. துறையில் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள்.

"கார்டு வந்தது" என்றான் தாண்டவம். குடையை மடக்கினான். "சொல்லு."

அண்ணே என்று கூப்பிடவில்லை.

சபாநாயகம் தம்பியின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"அம்மா உன்னைத்தான் கூப்பிட்டாங்க. கஞ்சி ஊட்டும்போதும், துணி மாத்தும்போதும், தாண்டவம் வந்துட்டானா, தாண்டவம் வந்துட்டானா. என் கையைப் பிடிச்சுக்கிட்டே உன்னைக் கேட்டாங்க. பாத்துக்கிட்டது நான்டா. எனக்கு ஆறல. முதல் நாள் நாளைக்குத் தந்தி அடிக்கலாம்னு இருந்தேன். அப்புறம் வேணும்னேதான் அடிக்கல. கடைசி நாள் அடிச்சிருந்தாக்கூட... போஸ்டாபீஸ் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன்."

தாண்டவம் குடையின் நுனியால் மணலைக் குத்திக்கொண்டே இருந்தான். குத்திய இடத்தில் தண்ணீர் ஊறியது.

"பதினோரு வருஷமா நான் என்ன நெனச்சுக்கிட்டிருந்தேன் தெரியுமா?" என்றான்.  "அம்மா என்னைக் கேக்கவே இல்லன்னு நெனச்சேன். கேட்டிருந்தா நீ தந்தி அடிச்சிருப்பேன்னு நெனச்சேன். சின்னவனை மறந்துட்டாங்கன்னு..."

முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். முதுகு குலுங்கியது. சபாநாயகம் ஓர் அடி எடுத்துவைத்தார்.

"கிட்ட வராதே" என்றான் தாண்டவம்.

அவர் நின்றார்.

"உன்னை மன்னிக்க முடியாது."

"சரிடா."

"சரின்னு சொல்லாதே!"

தாண்டவம் சத்தம் போட்டான். பதினோரு வருஷத்தில் சேர்ந்ததெல்லாம் வந்தது. பிலாயிலிருந்து மூன்று ரயில் மாறி வந்தது, வழியில் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று ஆரஞ்சு வாங்கியது, அந்த ஆரஞ்சுப் பையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனது, அம்மாவின் பழம்புடவை ஒன்றுகூடக் கிடைக்காதது. சபாநாயகம் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. காதைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. சொன்னதெல்லாம் உள்ளே வந்தது. அவர் வர விட்டார்.

சொல்லித் தீர்ந்ததும் தாண்டவம் திரும்பி, திட்டின் கிழக்கு ஓரமாக நடந்து பனிக்குள் மறைந்தான்.

சபாநாயகம் கொட்டகைக்கு வந்தார். உலை வைத்தார். அம்மா வைக்கிற மாதிரி பூண்டு தட்டிப் போட்டு ஒரு ரசம் வைத்தார். இறால் கொஞ்சம் இருந்தது. வறுத்தார். கை தானாக வேலை செய்தது. கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. அதைத் துடைக்கவில்லை. அது பாட்டுக்கு வழிந்து மோவாயிலிருந்து சொட்டியது.

மத்தியானம் தாண்டவம் வந்தான். உட்கார்ந்தான். சபாநாயகம் இலை போட்டார். பரிமாறினார். அவன் சாப்பிடுவதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்று மணிக்குத் தோணி புறப்பட்டது. தாண்டவம் ஏறி உட்கார்ந்தான். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. பனி விலகிவிட்டிருந்ததால் தோணி அக்கரை சேரும்வரை கண்ணுக்குத் தெரிந்தது.

சபாநாயகம் திரும்பி வந்தபோது வடிவம்மை கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவர் அந்தப் பக்கமே வந்திருக்கவில்லை.

"போயிட்டாரா?"

"போயிட்டான் அம்மா. மன்னிக்க முடியாதுன்னுட்டான்."

வடிவம்மை வாளியைச் சுவரில் வைத்தார்.

"சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டான்."

"எப்படிச் சாப்பிட்டாரு?"

சபாநாயகம் யோசித்தார்.

"ரெண்டு தடவை சோறு வாங்கினான். மூணாவது தடவையும் சோத்துக்காக இலையை எம் பக்கம் தள்ளினான். பானையில இல்ல."

வடிவம்மை அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அடுத்த தடவைக்குக் கொஞ்சம் கூடவே வடிங்க ஐயா."